மூக்கறுபட்டவர்

கந்தரோடையில் வெங்காயப் பாத்தி கொத்த
மண்வெட்டி நுனியில் ஏறி வந்தார்
கொன்ஸ்தாந்திநோபிள் சக்கரவர்த்தி.
விரல் நகமளவு செம்பு.
முடி இருக்கிறது,
மூக்கு இல்லை.

கஸ்தூரியார் வீதியில் தராசுக்குக்கூட ஏற்றவில்லை.
'தங்கமெண்டால் கதைக்கலாம் தம்பி.'

மூக்கறுத்தால் அந்த ஊரில்
அரசாளத் தகுதி போய்விடுமாம்.
ஒருவன் மட்டும்
பத்து வருடம் எங்கெங்கோ அலைந்து
மூக்கில்லாமலே திரும்பி வந்து
அதே கதிரையில் இருந்தானாம்.
போனில் பார்த்துச் சொன்னான் யூட் நிமலன்,
இத்தாலி விசா
மூன்றாம் தரமும் மறுக்கப்பட்டவன்.

இவர் அவரில்லை.
இவருக்கு அறுத்தது
எங்கள் கிணற்று உவர்த்தண்ணியாக இருக்கலாம்.

இருந்தும்
காசைச் சாரத்தில் துடைத்து
பாஸ்போர்ட் உறைக்குள் செருகினான் யூட்,
முகம் வெளியே தெரிய.