பத்தாம் நம்பர்

உலான்பாட்டர். அனல் நிலையத்தின் வண்டி நிறுத்தும் இடம்.
மைனஸ் இருபத்து நாலு.
சாப்பாட்டு இடைவேளை நாற்பது நிமிடம்.
கையுறையைக் கழற்றினால்
அதில் ஐந்து நிமிடம்தான் விரல்கள் என்னுடையவை.

பழைய பம்ப் வெளியே வந்துவிட்டது.
புதியதற்கு மூன்று போல்ட்.
இரண்டை முடுக்கியாயிற்று.
மூன்றாவதில், பத்தாம் நம்பர் சாக்கெட் நழுவி

டிங். டிங்.

அப்புறம் சத்தமே இல்லை.
மண்டியிட்டுப் பார்த்தேன்,
பனியில் ஒரு வடுகூட இல்லை.
விழுங்கிவிட்டது வண்டி.

வெல்டிங் பிரிவு கெரெல்மா
பாதி மென்ற இறைச்சிக் கொழுக்கட்டையோடு வந்து
"ஆட்டிப் பார்" என்றாள்.
ஆளுக்கொரு பக்கம் நின்று ஆட்டினோம்.
ஒன்றும் உதிரவில்லை.

நீட்டுக் காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவினேன்.
முதலில் ஒரு வாஷர்,
அதன் கிரீஸில் ஒட்டிக்கொண்டு
இந்த ஊரில் முளைக்காத மரத்தின் இலைத் துண்டு.
அடுத்து, கனமாக, ஒரு சாக்கெட்.

என்னுடையது இல்லை.
கறுப்பு. விளிம்பில் துரு.
பக்கவாட்டில் ஜப்பானிய எழுத்து.
அளவு மட்டும் எனக்கும் படிக்க வந்தது: 10.

எந்த முற்றத்தில், எந்தக் கோடையில்
யார் இதற்காகக் குப்புறப் படுத்தார்களோ,
என்ன வார்த்தையில் திட்டினார்களோ.
கச்சிதமாகப் பொருந்தியது.
மூன்றாவது போல்ட்டை முடுக்கி
கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டேன்.

வேலை முடிந்து கிளம்பினோம்.
வாசல் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது
உள்ளே எங்கோ

டிங்.

கெரெல்மா என்னைப் பார்த்தாள்.
ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.