தேய்மான வரிசை

பொடியனுகள் கேட்டானுகள்:
"காக்கா, உங்கட முதல் அஞ்சு கேமும் என்ன?"

பன்னிரண்டு வருசமா கேம் கடை வச்சிரிக்கன்,
சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம், வீட்டு முன் அறையில.
ஒண்டையும் முடிவு மட்டும் நான் ஆடினதில்ல.
கதிரை எப்பவும் காசு குடுத்தவனுக்கு.
எனக்கு வாறது கொன்ட்ரோலர் மட்டும்தான்:
நாலு திருகாணி கழற்றினா உள்ளுக்குள்ள
உப்புக் காத்து, கை வியர்வை,
எவனோ திண்ட மிக்சரின்ர ஒரு கடலைப் பருப்பு.

எதை எது தேய்க்குது எண்டு கேளுங்க, சொல்லுவன்.

பந்தாட்டம் வட்டப் பொத்தானைத் தின்னும்.
கோலுக்கு அடிக்கிறவன் மெல்ல அமத்தமாட்டான்.
போன நோன்புக்குத் தராவீஹ் முடிஞ்சு வந்து குந்தி
ஸஹர் வரைக்கும் அடிச்சதில
ஒம்பது ரப்பர் மாத்தினன்.
"அப்ப அதுதான் முதலாவது" எண்டு இஷ்ரத் துள்ளுறான்.

ஹிமாஸ் விடான். அவனுக்குச் சண்டை ஆட்டம்.
அது தேய்க்காது, பிளக்கும்.
தோத்துப்போய் அவன் சுவரில எறிஞ்சது மூண்டு
லாச்சிக்குள்ள கிடக்கு.
கடன் கொப்பியில அவன்ட வாப்பாட பேரு.

காரைதீவில இருந்து சைக்கிளில வருவான் சஜீவந்தன்.
துவக்கு ஆட்டம்தான் கேப்பான்,
ஆனா சுடமாட்டான்.
புல்லுக்குள்ள, கதவுக்குப் பின்னால, படுத்தே கிடப்பான்.
நூறு பேரில கடைசி மூண்டுக்குள்ள வந்திருவான்.
அவன் ஆடின கொன்ட்ரோலர் நேத்து வாங்கின மாதிரி இரிக்கும்.
அதை எத்தினையாம் இடத்தில போடுறதெண்டு
எனக்கு இன்னும் விளங்கல்ல.

இதுக்கிடையில நாலாம் நம்பர்.
இடப்பக்கக் குமிழ் தானா ஒரு பக்கம் இழுக்கும், ஒருத்தனும் தொடமாட்டான்.
ஆனா குமிழ்ர தலை வழுவழுப்பாத் தேஞ்சிரிந்திச்சி.
கரண்ட் பில்லும் ரெண்டாயிரம் கூட.
"ஜின் காக்கா" எண்டான் ஹிமாஸ்.

ஒரு ராவு ரெண்டு மணி போல முழிச்சன்.
பக்கத்தில ஆளில்ல.
கடைக் கதவுக்குக் கீழால நீல வெளிச்சம்.

ஜெஸீலா.
சத்தத்தை அடைச்சுப்போட்டு, முடியைக் கொண்டை போட்டுக்கொண்டு
காரோட்டம் ஆடுறா.
எதிர்ப்பக்கமா.
பந்தயத்துக் கார் ஏழும் நேர வருது, இவ ஓரம் கட்டி வழி விடுறா.
தப்பான திசை எண்டு திரை சிவப்பில கத்துது.
எட்டுப் பேரில எட்டாவது.

"என்ன புள்ள இது?"

"இந்த வளைவுக்கு அங்கிட்டு ஒரு ஊர் இரிக்கி.
எல்லாரும் பறக்குறாங்க, ஒருத்தரும் பாக்கல்ல."
காரை நிப்பாட்டினா.
கல்லுப் பாலம். எலுமிச்சை மரம் மாதிரி ஏதோ.
ஒரு நீல வீடு, வீட்டுக்கு முன்னால கொடி,
கொடியில ரெண்டு சட்டை, ஒரு விரிப்பு.
"நான் வந்த நாள் தொட்டுக் காயுது.
ஆரும் எடுக்கல்ல" எண்டா,
எங்கட வீட்டு உடுப்பைச் சொல்லுற குரலில.

"அப்ப இதுதான் உன்ட முதலாவதா?"

"மத்தது ஒண்டும் நான் ஆடல்லயே,
எப்படிச் சொல்லுற?"
மறுகா, என்னைப் பாக்காமலே:
"தள்ளி நில்லுங்க, மறைக்கிது."

நிண்டன், தள்ளி.
ஏழு காரும் இன்னொரு சுத்துச் சுத்தி வந்து
எங்களைத் தாண்டிப் போச்சு.

விடிஞ்சு கல்முனைக்குப் போய்
ஆயிரத்தி எண்ணூறுக்குப் புதுக் குமிழ் வாங்கினன்.
உள்ளுக்குள்ள துடைச்சு, எண்ணெய் விட்டு, பூட்டி,
இழுவை இல்லையெண்டு மூண்டு தரம் பாத்தன்.

பொடியனுகள் வரமுதல்
பச்சை டேப் சுத்தி, மார்க்கரால பெருசா எழுதி
மேல் தட்டில வச்சன்:

நாலாம் நம்பர் பழுது.
தொடாதீங்க.