கால்வாசி எலி

நாலாம் மாடி. ஜன்னலுக்குக் கீழே அவிநாசி ரோடு.
நாற்காலி சாய்கிறது, அதோடு நானும்.
சிஸ்டர் லிஸி முழங்கை மடிப்பில்
இரண்டு விரலால் தட்டிப் பார்க்கிறாள்,
தேங்காயை உள்ளங்கையில் நிறுத்திக்கொண்டு
காட்டுக்குள் நீரோட்டம் பார்க்கிறவர் மாதிரி
நின்று, நகர்ந்து, மறுபடி நின்று.

முதல் குத்தில் ஒன்றுமில்லை.
ரிக் வண்டிக்காரர்கள் நாங்கள் இதைப் புகை என்போம்.
ஆயிரத்து இருநூறு அடி போயும்
வெறும் மாவாக மேலே வரும்.
தோட்டத்துக்காரர் துண்டால் வாயைப் பொத்தி
அக்கட்டாலே திரும்பி நின்றுகொள்வார்.
அடிக்கு இவ்வளவென்று எண்ணி வாங்கும்போது
அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.
"வெசனப்படாதீங்ண்ணா, இன்னொரு பாயிண்ட் பாக்கலாம்"
என்கிறாள் வால்பாறைக்காரி.

திருச்செங்கோட்டிலிருந்து ஜபல்பூர் வரை
எந்த பங்க்கில் கக்கூஸ் திறந்திருக்கும்,
எதற்குத் தாழ்ப்பாள் கிடையாது, எனக்குத் தெரியும்.
நாளைக்கு இருபது தடவை.
ராட் மாட்டுகிற பையன்கள் முதலில் சிரித்தார்கள்.
பொறவு சிரிக்கவில்லை.
சத்தீஸ்கரில் ஒரு சோளக்காட்டு ஓரம்
நான் எழுந்த இடத்தைச் செங்கோடன் பார்த்துவிட்டான்.
செம்மண் என்று சொல்லிப் பார்த்தேன்.
அங்கே மண் கருப்பு.

மாத்திரை. எனிமா.
ஸ்டீராய்டில் முகம் பூசணிக்காயாகி
லைசென்ஸ் போட்டோவையும் என்னையும்
செக்போஸ்ட்டுக்காரன் மாற்றி மாற்றிப் பார்த்தான்.
குறைத்தால் ரத்தம், கூட்டினால் சர்க்கரை.
பெருங்குடலை எடுத்துப் பை வைத்துவிடலாம் என்றார் ஒருவர்.
அதற்கு முன்னால் இதையும் பார்த்துவிடலாம் என்றார் இன்னொருவர்.
காசநோய் இல்லையென்று சோதித்துவிட்டு
இதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.
அந்த வருசம் ஒரு கம்ப்ரசரை விற்றோம்.

மூன்றாவது முறை ஏற்றிய வாரத்தில் ஒரு நாள்
காலை ஏழு மணி வரை தூங்கியிருக்கிறேன்.
அம்சவேணி எழுப்பவில்லை.
மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாளாம்.

மருந்தில் கால்வாசி எலி என்றார் டாக்டர்.
முக்கால் மனுசன், கால் எலி, ஒட்டுக்கா ஒரே புட்டியில்.
"மலைமேல பாதிக்குப் பாதியா நிக்கறதைத்தானே கும்புடறோம்,
இதுக்கென்ன" என்றாள் அவள்.
கடலை மூட்டைக்குப் பின்னால் பொறி வைப்பதை மட்டும்
எனக்குத் தெரியாமல் செய்ய ஆரம்பித்தாள்.

நாலு வருசம்.
தேரும் தீபாவளியும் எட்டு வாரக் கணக்கில்
முன்னே பின்னே விழுந்தன.
மச்சினன் கல்யாணத்தில் மூன்று பந்திக்கு
இலையோரம் நின்று ரசம் ஊற்றினேன்.
அதிலென்ன பெருமை என்று யாருக்கும் விளங்காது.

இந்தத் தையில் ஆறாம் வாரமே வயிறு பேசியது.
நெருக்கிப் போட்டுப் பார்த்தார்கள்.
ரத்தம் எடுத்து அனுப்பி, காகிதம் வந்தது:
உடம்பு எலியைக் கண்டுபிடித்துவிட்டது.
நாலு வருசமாக வந்து போனவனை
வாசலில் நிறுத்தி
யார் நீ என்று கேட்டிருக்கிறது.

அடுத்த மருந்து முழுக்க மனுசனாம்.
பேனா மாதிரி. வயிற்றில் நானே குத்திக்கொள்ளலாம்,
இரண்டு வாரத்துக்கு ஒன்று.
ஐஸ் பெட்டியில் போட்டு வண்டியோடு கொண்டுபோகலாம்.
கேட்குமா என்றேன்.
இரண்டு மூணு மாசம் போனால்தான் தெரியும் என்றார்.
எண்ணூறு அடியில் புகைக்குள் நின்றுகொண்டு
எத்தனை பேரிடம் நானும் சொல்லியிருக்கிறேன்,
இன்னும் ரெண்டு ராட் விட்டுப் பாக்கலாமுங்.

லிஸிக்கு நரம்பு கிடைத்துவிட்டது.
இன்று ஏறுவது இரும்பு மட்டும்,
கருங்காப்பி நிறத்தில், சொட்டுச் சொட்டாக.
ராத்திரி ஊருக்குப் போய்ப் படுக்கும்போது
மூட்டைப் பக்கம் பொறி விழுகிற சத்தம் கேட்டால்
எழுந்து போவேன் என்றுதான் நினைக்கிறேன்.