இடது சுவர்

வியாழன் இரவு பத்தரைக்கு வெளியீடு என்றிருந்தார்கள்.
வெள்ளி மதியம் நான் ஓசூரில் பஸ் மாறும்போது
அது எனக்கு முன்பே கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்துவிட்டது.
போனஸ் இனி சந்தேகம் என்று குரூப்பில் செய்தி.
சூளகிரி வரைக்கும் கோபமாக இருந்தேன்.

ரவுண்டானா தாண்டி,
ஜூஸ் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே
முனிராஜின் கடை.
ஆதார், பான், ரீசார்ஜ், ஜெராக்ஸ்.
போர்டில் இல்லாததுதான் வியாபாரம்.

"தொண்ணூத்திரெண்டு ஜிபிக்கா.
நாப்பத்தொண்ணா சுருக்கிட்டானுங்க.
ராத்திரி மூணு மணிக்குப் போட்டேன்,
நடுவுல கரண்ட் வேற போச்சு."
பிறந்த பிள்ளையின் எடையைச் சொல்கிறவன் முகம்.
நேர்வழியில் வாங்கினால் நாலாயிரத்துத் தொள்ளாயிரம்.
இவனிடம் எண்பது. ஹார்ட் டிஸ்க் நம்முடையது.

இவனை நான் என்ன சொல்ல?
பத்தாவது படிக்கையில் நான் ஓட்டிய முதல் கார்
இதே கடையில், இவன் அண்ணனிடம்,
இருபது ரூபாய் சிடி.

முனிராஜுக்குத் தெரியாது,
பதினோரு மாதம் பெங்களூர் ஏசியில்
துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு
நான் இதற்குக் கல் செய்தேன் என்று.
வேறொன்றுமில்லை, கல்.
ஈரக்கல், பாசிக்கல்,
பந்தம் பக்கத்தில் வந்தால் மட்டும் மினுங்குகிற கல்.
பறக்கும் பாம்பைச் செய்தவர்கள் வேறு ஏதோ தேசம்.
நாயகியின் கூந்தலுக்கு மட்டும் ஒன்பது பேர்.
நான் மூன்றாம் குகையின் இடது சுவர்.

மாதிரிக்குப் படம் கேட்டார்கள்.
ஞாயிற்றுக்கிழமை பர்கூர் பக்கம் எங்கள் ஊர்க் குவாரியில்
போனில் நானூறு எடுத்தேன்.
"எந்தப் பேப்பர்ல போடப் போற?" என்று
வாட்ச்மேன் விரட்டிக்கொண்டே வந்தான்.
கேமுக்கு என்றேன். இன்னும் வேகமாக விரட்டினான்.

அறுத்த பாறையில் டிரில் இறங்கிய தடங்கள்,
புல்லாங்குழலை நெடுக்கில் பிளந்து பதித்தாற்போல்.
"ராஜா காலத்துல ஏது டிரில்? அழி" என்றார் லீட்.
அழித்தேன்.
முழங்கால் உயரத்தில் ஒன்றை மட்டும் விட்டேன்.

கறுப்புத் திரை.
பச்சை எழுத்தில், தடதடவென்ற இசையோடு
பூட்டை உடைத்தவர்களின் பெயர்.
எத்தனை தைரியமாக!
கடைசியில் வரும் பெயர்ப்பட்டியலை
இடம் மிச்சம்பிடிக்க வெட்டிவிட்டார்களாம்.
"அத யாருக்கா பாப்பாங்க?"
வாஸ்தவம்தான்.
அதிலும் எங்கள் கம்பெனி பெயர் ஒரு வரி,
ஓரெழுத்துப் பிழையோடு.
நாற்பத்தாறு பேரும் அதற்குள் நெருக்கி நின்றோம்.

முனிராஜ் ஓடுகிறான். ஒன்று, இரண்டு.
மூன்றாம் குகையில் "நில்லு" என்றேன்.
"இடப்பக்கம். கீழ. பந்தத்தைக் கிட்டக் கொண்டு போ."
"அங்க ஒண்ணும் கெடைக்காதுக்கா, வெறும் செவுரு."
ஆனாலும் திரும்பினான்.

சுருக்கியதில் பாசி கொஞ்சம் மங்கியிருந்தது.
தடம் இருந்தது.

"அட, நம்மூரு குவாரி மாதிரியே..."
சொல்லி முடிப்பதற்குள்
பின்னாலிருந்து ஏதோ கவ்வி, செத்தான்.
என்னை ஒரு பார்வை பார்த்தான்.

திரை ஓரத்தில் சின்ன ஜன்னல்:
இங்கிருந்து பதினேழு பேருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.
வெளியே பாலத்தில்
தார்ப்பாய் மூடிய கல் லாரி ஒன்று
பர்மிட்டோடோ இல்லாமலோ ஏறிப் போனது.

கம்பெனியில் ஆளுக்கொரு டி-ஷர்ட் கொடுத்தார்கள்.
கேம் கொடுக்கவில்லை.
பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து நீட்டினேன்.
"நாப்பது நிமிஷம் ஆவும்க்கா, ஜூஸ் குடிச்சிட்டு வா" என்றான்.
எண்பதை எண்ணி வைத்தேன்.