ஆச்சுங்க

மாசி மாதம், பெருந்துறை ரோட்டு எடைமேடை.
மஞ்சள் ஏல வண்டிகள் விடியுமுன்பே வரிசை.
ஒன்று ஏறி இறங்கும்போது
தீபலட்சுமி ஒரு பொத்தானை அழுத்துவாள்.
திரை சொல்லும்: பதிவாயிற்று.

எங்கள் பக்கம் எதற்கும் ஒரு 'ங்க' உண்டு.
கைமாத்து கேட்டு வந்தவரிடம்கூட
இல்லை என்று வாய் வராது,
பார்க்கலாமுங்க என்போம்.
அந்த ஹார்ட் டிஸ்க்கும் ஈரோட்டில் பிறந்ததுபோல்
கேட்டபோதெல்லாம் சொல்லியிருக்கிறது:
ஆச்சுங்க.

ஆகவில்லை.
எடை வந்து நின்றது நினைவகத்தில், வாசலோடு.
உள்ளே கொண்டுபோய் வைப்பது பிறகு,
கை ஓய்ந்த நேரத்தில்.
போய்ப் பார்த்தால் அந்த இடம் செத்துக் கிடந்தது.
தீபலட்சுமி அதற்குள் மூன்று வண்டி தள்ளிப் போயிருந்தாள்.
யாரும் திறந்து பார்க்காத பதிவேட்டில்
ஒரு வரி எழுதிவிட்டு
பிழையைக் கையில் வைத்துக் காத்திருந்தது கெர்னல்,
முதலில் கேட்பவரிடம் சொல்ல. ஒரே ஒரு முறை சொல்ல.

கேட்டது என் புரோகிராம்தான்.
எழுதியாச்சா?
இல்லீங்க.

எட்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய வரி அடுத்து வருவது:
தோற்றால் மறுபடி கேள்.
மறுபடி கேட்டது.
அதற்குள் அந்தப் பக்கத்தில் 'சுத்தம்' என்று முத்திரை விழுந்திருந்தது,
எழுத வேண்டிய பாக்கி எதுவுமில்லை.
ஆச்சுங்க, என்றது.
பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

மாரப்பனின் நாற்பத்தோரு மூட்டை விரலி
இப்படித்தான் போனது.
சட்டைப்பை வேர்வையில் அவர் ரசீது
முழுக்கக் கறுத்திருந்தது.
கொடுமுடியிலிருந்து இரண்டு தடவை வந்தார்.
சத்தம் போடவில்லை.
பார்த்துச் சொல்லுங்க, என்றார்.
அதற்கு ஒரு அறை விட்டிருக்கலாம்.

மூட்டை எண்ணுகிற ரங்கன்
கிட்டங்கிச் சுவரில் கரிக்கோடு போடுகிறவர்.
நான் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்த அன்று சாரல்.
சுவர் நனைந்து கரி வழுக்கியது.
ஏறிவந்த மூட்டைக்கு எதிரே கையைத் தூக்கினார்:
'நிறுத்துங்க. சுவரு எடுக்கலீங்க.'
முதுகில் அறுபத்தைந்து கிலோவோடு ஒருத்தர் நின்றார், திட்டினார்.
ரங்கன் காய்ந்த சுவர் தேடிப் போனார்.

அன்று ராத்திரி அந்த ஒரு வரியை அழித்தேன்.
இப்போது முதல் 'இல்லீங்க'விலேயே எல்லாம் நின்றுவிடும்.
பழையதைப் படிக்கலாம், புதிதாக ஒரு எழுத்து ஏறாது.
திரை முழுக்கச் சிவப்பு.
எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்,
மரியாதை குறையாமல்: முடியாதுங்க.

நேற்றுக் காலை நின்றது.
லாரிகள் ரோட்டைத் தாண்டி ஹாரன் அடிக்க
தீபலட்சுமி நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டிருக்க
முதலாளி போன் செய்தார்.

'பழைய புரோகிராம் இப்படி
ஒரு நாளும் நின்னதே இல்லீங்களே?'

ஆமாங்க.
நின்னதே இல்லீங்க.