பாத்தேன்

எடைமேடைச் சன்னலில் எனக்கு வேலை.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும், நிற்கும்,
எண் துடிக்கும், அடங்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் அடுத்தது.
லோரிக்கும் லோரிக்கும் நடுவே
கட்டைவிரலால் லோகாவைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன்.

லோகா, எங்கள் தாமானில் மூன்றாம் வரிசை, நீல கேட்.
அவள் குக்கர் விசில் என் கொடிக்கயிறு வரை கேட்கும்.
அதற்கு முன்பே அந்தச் சோறு
புலனத்தில் வந்துவிடும்.
தீபாவளிக்கு மாட்டிய திரைச்சீலை,
தனுஷா வாங்கிய நற்சான்றிதழ், உடைந்த நகம்,
போன ஞாயிறு குணாளனுக்குக் கேக்,
மேலே மூன்று சிவப்பு இதயம்.
நானும் ஒன்று போட்டேன்.
அதற்கு ஒரு லோரி நகரும் நேரம்கூட ஆகவில்லை.

வியாழன் இரவு, லாபிஸ் பாசார் மாலாம்.
அப்பம் பாலிக் வரிசையில் எதிரே வந்தாள்.
"ஏய், சனிக்கிழமை கேமரன் போனோமே, அங்க..."
"பாத்தேன்" என்றேன்.
அன்பாகத்தான் சொன்னேன்.
பாதி இறக்கிய கடைக்கதவு போல
அவள் வாய் நின்றது.
"நான் கண்ணாடி மாத்திட்டேன்" என்றேன், ஏதாவது சொல்ல.
"பாத்தேன்" என்றாள்.
பிறகு இருவரும்
மாவு ஊற்றுகிறவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
சோளம் எனக்கு, கடலை அவளுக்கு.
"சரி லா, மழை வருது."
வரவில்லை.

இதே வாய்தான்.
பள்ளிப் பேருந்தைத் தவறவிட்ட ஒரு மத்தியானம்
யாரோ மாமா மகள் கல்யாணத்தில் சாம்பார் கவிழ்ந்ததை
மில் முனையில் தொடங்கி
ஆ சோங் கடை வரை சொல்லிக்கொண்டு வந்தது.
நான் போகாத கல்யாணம்.
அந்தச் சாம்பார் இன்னும் என் காலில் சுடுகிறது.

மாதக் கடைசியில் பதிவேட்டைக் கூட்டும்போது
ஒரு லோரி குறைந்தது.
நாலு, நாலு, ஒன்று, ஏழு.
குணாளன் ஓட்டுவது.
பதினேழு நாளாய் மேடை ஏறவில்லை.
நான்தான் ஒவ்வொரு நாளும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
கைப்பேசியில் அந்தக் கேக்கைப் பெரிதாக்கினேன்.
குணாளன் சிரிக்கிறான்.
பின்னால் சன்னலில்
பழைய திரைச்சீலை.

அன்று இரவு செய்தி அனுப்பாமல் போனேன்.
கேட்டைத் தட்டக் கூச்சமாக இருந்தது,
எதையோ திருட வந்தவள் மாதிரி.
தெரு முழுக்க மில் ஆவியின் அழுகல் இனிப்பு.
எந்தப் படத்திலும் அது வந்ததில்லை.

"என்னடி, மெசேஜ்கூட போடாம?"
"சும்மா."
மைலோ கலக்கினாள்.
விளிம்பு உடைந்த கோப்பையை அவள் எடுத்துக்கொண்டாள்.
"கேமரன் எப்படி இருந்துச்சு?"
"நீ பாக்கலயா?"
"பாக்கலை."
பார்த்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.
அது அவளுக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் என் கண்ணாடியைப் பார்த்தாள்.
பிறகு சொல்லத் தொடங்கினாள்.
வளைவில் தனுஷா வாந்தி எடுத்தது,
ஸ்ட்ராபெரி என்ன விலை,
விடுதியில் சுடுதண்ணீர் வராதது.
தெரிந்ததற்கும் தெரியாததற்கும் ஒரே "அப்படியா" போட்டேன்.
தேயிலைச் சரிவில் தாயும் மகளும் நிற்கும் படத்துக்கு
வந்து சேர்ந்தபோது குரல் இறங்கியது.

"அத எடுத்தது யாருன்னு
நூத்தம்பது பேர்ல ஒருத்தரும் கேக்கலடி.
வழியில போன ஒரு சீனப் பெரியவரு.
சாத்து, டுவான்னு எண்ணுனாரு.
சிரிங்கன்னாரு.
சிரிச்சோம்."

மைலோவின் மேல் ஆடை கட்டியது.
உள்ளறையில் அவள் கைப்பேசி
இரண்டு முறை அதிர்ந்து ஓய்ந்தது.

"அப்புறம்?" என்றேன்.