நாற்பத்தொன்று, அறுபத்தெட்டு

அக்கினி நட்சத்திரம் பிறந்த மூன்றாம் நாள்,
தேவகோட்டை ரஸ்தா மேம்பாலம்.
ஐந்து பேர், நான்கு டின் சீப்புச் சீடை,
ஏசி மூன்றில்.

வண்டி இழுக்கவில்லை.

மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினேன்.
பின்னால் வந்த எம்சாண்ட் லாரி
ஹார்னாலேயே என்னைத் திட்டியது.
"ஏம்மா, பெட்ரோல் போட்டியா, தண்ணி போட்டியா?"
முன்சீட்டுக்காரர். மடியில் மொய்ப் பை.

ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிய ப்ளூடூத் டப்பா
போனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது.
வெளியே நாற்பத்தொன்று.
எஞ்சின் இழுக்கும் காற்று
அறுபத்தெட்டு.

பள்ளத்தூர் வேகத்தடையில்
எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது
பம்பருக்குப் பின்னாலிருந்த காற்றுக் குழாய்.
அன்றிலிருந்து
ரேடியேட்டர் விட்ட அனலையே
மூக்கில் வாங்கி ஓடியிருக்கிறது,
அடுப்பங்கரைப் பக்கம் மட்டும்
சன்னல் வைத்த வீடு மாதிரி.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.
விடியற்காலை ஐந்து மணிக்கு
தொடையோடு தொடை ஒட்டிப்
பத்துப் பேர் உட்கார்ந்த பாய்.
மதியம் அதே பாயில்
வேர்த்து விலகிக் காலை நீட்டி
ஒன்பது பேர்கூட இல்லை.
சூடேறிய காற்று அப்படித்தான்,
இடத்தை அடைக்கும், எண்ணிக்கையில் குறையும்.

பரிமாறுகிறவன் ஏமாளி இல்லை.
தலையை எண்ணித்தான் கரண்டியைச் சாய்ப்பான்
அந்தச் சின்ன கம்ப்யூட்டர்.
ஆளில்லாத இலைக்குப் பெட்ரோல் கிடையாது.
சிலிண்டருக்குள் டொக்டொக் என்று தட்டிவிடுமோ என்று பயந்து
தீப்பொறியையும் அரைக்கண் தாமதித்தே வைப்பான்.
மேம்பாலத்துக்கு இதெல்லாம் தெரியாது.
அது ஏறச் சொல்கிறது.

கோட்டையூர் ஜபருல்லா
முந்நூற்றைம்பது வாங்கிக்கொண்டு
புதுக் குழாய் மாட்டினான்.
வாயை வெளிக்காற்றுக்குத் திருப்பி
இரண்டு கிளிப் போட்டு,
"இனி மைலேஜ் பாருங்க அமலிக்கா" என்றான்,
டீ வரும் முன்பே.

பார்த்தேன்.
மறுநாள் அதே வெயில், நாற்பத்தாறு காட்டியது.
அதே பாலம், மூன்றாவதிலேயே ஏறியது.
லாரி கண்ணாடியில் சிறுத்துப் போனது.
சத்தமாகவே சிரித்தேன், சவாரி இருந்தும்.

ஆனால் நோட்டு வேறு சொன்னது.
டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி,
ஆறு திருச்சி சவாரி.
முன்பு பதினேழு புள்ளி எட்டு.
இப்போது பதினேழரை.
பெருக்கி வகுத்து மறுபடி போட்டேன்.
பதினேழரை.

திருமயம் தாண்டி, சமதளத்தில், எழுபதில்,
எஞ்சினுக்கு வேலை கொஞ்சம்தான்.
அடர்ந்த காற்று வந்தால்
கதவை இன்னும் ஒருக்களித்துச் சாத்த வேண்டும்.
சாத்திய கதவின் இடுக்கில் மூச்சிழுக்க
பிஸ்டன் படும் பாட்டுக்கும் பெட்ரோல்தான் கூலி.
மெலிந்த சுடுகாற்றுக்கோ
கதவு அகலத் திறந்திருக்கும். இழுப்பு லேசு.
பலம் போன வண்டி
அந்தப் பலவீனத்திலேயே
கொஞ்சம் சேமித்திருக்கிறது.

அவ்வளவுதானா என்றால், இல்லை.
நோட்டில் எழுதாத ஒன்று உண்டு:
என் வலது கால்.
இழுக்காத வண்டியில் அது சாதுவாக இருந்தது.
இழுவை திரும்பியதும்
புதுக்கோட்டைக்குள் மூன்று பஸ்ஸை முந்தியது.
கதவுக்கு எவ்வளவு, காலுக்கு எவ்வளவு?
அந்தக் கணக்கை எந்த டப்பாவும் காட்டாது.

ஜபருல்லாவிடம் சொன்னேன்.
"கழட்டிடவா?" என்றான், ஸ்பேனரோடு.

லிட்டருக்கு முந்நூறு மீட்டர்.
கழனிவாசல் முக்கிலிருந்து
என் வண்டி நிற்கும் புளியமரம் வரை.
அதை நான் தினமும் நடக்கிறேன்.

இருக்கட்டும் என்றேன்.
நாளைக்கும் அந்தப் பாலம் இருக்கிறது.